இருப்பு எண் த/417

சிற்பம் வாங்க நிதித் தலைப்பு இல்லை.
தளவாடத்துக்கு இருந்தது.
மேலூரிலிருந்து லாரியில் வந்து இறங்கிய
ஒன்பது டன் சாம்பல் கல்லை
இரும்பு பீரோவுக்கு அடுத்த வரியில் ஏற்றினேன்:
இருக்கை, கல், எண்ணம் ஒன்று.

செதுக்கியவர் ஆரோக்கிய ரெஜினாள்.
கிரேன்காரர் சங்கிலியை அவிழ்த்து முடிக்கும்வரை
வெயிலிலேயே நின்றார்.
பெயர் என்னவென்று எழுத, கேட்டேன்.
தலைப்பில்லை என்றார்.
அப்படியே எழுதினேன்.

பெயரில்லாததை இந்த ஊர் சும்மா விடுமா?
விடுதிப் பையன்களுக்கு அது பல்செட்டு.
வேதியியல்காரர்களுக்கு உடைந்த பென்சீன்.
கேண்டீன் மொக்கைச்சாமிக்குப் பிய்த்து வைத்த உளுந்த வடை.
நாகமலையின் வளைவைப் பார்த்துச் செய்தது என்றார்
திறப்பு விழாவில் துணைவேந்தர்.
ரெஜினாள் திரும்பி மலையைப் பார்த்தார்,
அப்போதுதான் முதல்முறை பார்ப்பதுபோல.

தணிக்கையிலிருந்து ஒரு கேள்வி வந்தது:
எத்தனை பேர் அமரலாம்?
டேப்போடு போனேன்.
வளைவில் டேப் நிற்கவில்லை, சுருண்டுகொண்டது.
சரி, தலைகளை எண்ணுவோம் என்று
ஒரு வாரம் ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டேன்.

காலை ஆறரை: பெருக்குமாறுகளைச் சாய்த்துவிட்டு
இருளாயி, பேச்சி, நடுவில் வெற்றிலைப் பை.
(இது வாட்ச்மேன் சொன்னது.)
பன்னிரண்டு மணிக்கு ஒருவரும் இல்லை;
சித்திரையில் அதில் தோசை வார்க்கலாம்.
மூன்றரைக்கு நூலகத்தின் நிழல் இடது முனையைத் தொட
அங்கே ஃபாத்திமா ஜொஹரா,
நெறியாளரின் கையெழுத்துக்கு நான்காவது நாள்.
நிழல் நகர நகர இன்னும் மூன்று பேர்.
ஐந்தரைக்கு ஒரு ஜோடி, கல்லின் இரு பக்கமும்
வேறு வேறு திசை பார்த்து உட்கார்ந்து
உதடு மட்டும் அசைய.
வாட்ச்மேன் கண்ணுக்கு அவர்கள் அறிமுகமில்லாதவர்கள்.
என் கணக்கில் இரண்டு.
கரண்ட் போன வியாழன் இரவு
பத்தொன்பது பேர், ஒரு நாய், ஒரு கித்தார்.

ஏழு என்று எழுதி அனுப்பினேன்.

தளவாடம் என்றால் தேய்மானம் உண்டு.
ஆண்டுக்குப் பத்து விழுக்காடு,
மார்ச் தோறும் சிவப்பு மையில் கழித்தேன்.
கல்லும் தேய்ந்தது, பொய்யில்லை;
ஆனால் என் பதிவேட்டுக்கு எதிர்த்திசையில்.
வந்த புதிதில் உளித்தடம் சேலையைப் பிடித்திழுக்கும்.
இப்போது உட்காரும் இடமெல்லாம்
நல்லெண்ணெய் தடவியதுபோல் மினுங்குகிறது.
யாருக்கும் எட்டாத உச்சி மட்டும் சொரசொரப்பு.
அது காக்கையின் இடம்.

இந்த மார்ச்சில் மதிப்பு ஒரு ரூபாய்.
ஒரு ரூபாய்க்கு வந்துவிட்டால் கழிவுசெய்யப் பரிந்துரைக்கலாம், விதி இருக்கிறது.
நிலை: நல்லது, சுமார், பழுது.
ஏதாவது ஒன்றில் டிக் போட வேண்டும்.
படிவத்தை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு
போய் உட்கார்ந்தேன், பத்து வருஷத்தில் முதல்தடவை.
முதலில் சரியாக அமையவில்லை.
இரண்டடி நகர்ந்ததும்
எனக்கு முன் யார் யாரோ உட்கார்ந்து உண்டாக்கிய பள்ளம்
என் இடுப்புக்குக் கிடைத்தது.
பகல் சூடு இன்னும் கல்லுக்குள் மிச்சமிருந்தது.
அலுவலகம் ஐந்தே முக்காலுக்குப் பூட்டுவார்கள்.
பூட்டியிருப்பார்கள்.

மறுநாள் பெயிண்டரை வரச் சொன்னேன்.
சாய்மானத்தில் அழிந்துபோயிருந்த எண்ணை
வெள்ளையில் புதிதாக எழுதினார்: த/417.
ஈரம் என்று அட்டையும் வைத்தார்.
அதைக் காற்று பார்த்துக்கொண்டது.

நாலரைக்கு யாரோ ஒரு பெண் சாய்ந்தாள்,
போனில் சிரித்தாள், எழுந்து ஓடினாள்.
பஸ் நிறுத்தக் கூட்டத்துக்குள்
நீலச் சுடிதாரின் முதுகில்
இடவலம் மாறிய என் எண்.
கூப்பிட வாயெடுப்பதற்குள்
பெரியார் நிலையம் போகும் வண்டி வந்துவிட்டது.

இருக்கை, கல், எண்ணம் ஒன்று
படியேறிப் போனது,
கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே.
உட்கார இடமில்லை.